சோதனைக் குழி

பூமிக்குள் மின்சாரம் முனகும்,
வினாடிக்கு ஐம்பது முறை.
அதைக் கேட்க எனக்குச் சம்பளம்.

கேட்பதற்கு முன்
கைபேசியை வண்டியிலேயே விட வேண்டும்,
கடிகாரத்தைக் கழற்ற வேண்டும்.
கருவி முதலில் பிடிப்பது
அதைப் பிடித்திருப்பவனின் இரைச்சலைத்தான்.
இதை லைசென்ஸ் வகுப்பில் சொன்னார்கள்.
ஞாயிறு ஆராதனையில்
இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

காக்கி புக்கிட். இரவு ஒன்றே முக்கால்.
மழை, நின்றும் நிற்காமலும்.
வரைபடத்தில் அந்த இடம் வெறும் வெள்ளை.
"படத்துல ஒண்ணுமில்ல லா, மெஷின இறக்கு"
என்று கையை வீசிக் காட்டினார் கெங் ஹுவாட்,
அவருடைய ஆங்கிலத்தில்.
எனக்கோ
தூங்குமூஞ்சி மரத்தடியில்
காதுக்குள் ஒரு நூல் இழுபட்டது,
கொசுவுக்குத் தம்பி போல் ஒரு சத்தம்.
நான்கு தப்படி போனால் அறுந்தது.
திரும்பி வந்தால் இருந்தது.

"கையால் தோண்டிப் பார்ப்போம்" என்றேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு என்னை,
மறுபடியும் கடிகாரத்தை.

ஷொஹாக்கும் நானும் இறங்கினோம்.
முதல் அடியில் ஜல்லி.
இரண்டாம் அடியில் செம்மண், களி,
யாரோ எப்போதோ குடித்த சோடாவின் மூடி.
மூன்றாம் அடியில் தண்ணீர்.
வேறொன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதற்கும் ஒரு ருசி உண்டு,
துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தது போல.
ஷொஹாக் சிரிக்கவில்லை.
அந்நேரத்தில் அது பெரிய உபகாரம்.

நான்காம் அடியில் ஓர் ஓடு தட்டுப்பட்டது.
மண்வெட்டியைப் போட்டுவிட்டு
விரலால் சேற்றை வழித்தேன்.
ஓட்டின் கீழே
எந்தப் படத்திலும் ஏறாத
ஒரு தடித்த கறுப்பு முதுகு,
உயிரோடு.

நான் முழங்காலில் இருந்தேன்.
எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை.

ஒளித்து வைப்பது அவருக்கு மாட்சி,
தேடி எடுப்பது அரசர்களுக்கு மாட்சி
என்று போதகர் ஞானாபரணம் விளக்கிய அன்று
மூன்றாம் வரிசையில் குனிந்து
என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டேன்.
அரசர்களாம்!
அவர்கள் சேற்றில் மண்டியிடுவார்கள் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.
பியூலாவின் இடது மார்பில்
பட்டாணி அளவில் இருந்ததை
பதினோரு வருடம் பக்கத்தில் படுத்தவன்
அறியவில்லை.
மருத்துவமனையில் ஒரு சின்னப் பெண்
குளிர்ந்த களிம்பைத் தடவி,
என்னுடையதற்கு உறவு போல ஒரு கருவியை
மெல்ல நகர்த்தி,
நின்றாள்.
அந்த நிற்றல் எனக்குத் தெரியும்.
அதை ஒளித்ததும் மாட்சியா?
போதகரிடம் கேட்கவில்லை.
நல்ல மனிதர். பதில் சொல்லிவிடுவார்.

எல்லாக் கம்பியும் முனகுவதில்லை.
மின்சாரம் நின்றுபோனது
கல்லோடு கல்லாகக் கிடக்கும்.
அதற்கு ஒரு முனையில் நம் ஒலியை ஏற்றிவிட்டு
நடந்து போக வேண்டும்,
தூரத்தில் எங்காவது அது
மண்ணைத் தாண்டி வருகிறதா என்று.
கதிர்வீச்சு நடந்த நாளெல்லாம்
அப்படித்தான் ஜெபித்தேன்.
வார்த்தை இல்லை, ஒரே ஒலி.
ஏற்றிவிட்டு நடப்பேன். நிற்பேன்.
சில நாள் வந்தது.
சில நாள் நான் அதிக தூரம் போகவில்லையோ என்னவோ.

இப்போது பன்னிரண்டாம் மாடியில்
அவள் தூங்குகிறாள், தலைமாட்டில் மின்விசிறி.
அது சுற்ற
எந்தத் தெருவுக்கு அடியில் என்ன ஓடுகிறதோ.

நடைபாதையில் சிவப்புச் சாயத்தால்
கோடு இழுத்து முடித்தேன்.
கெங் ஹுவாட் சூடாகக் கோப்பி வாங்கி வந்தார்,
மன்னிப்புக்குப் பதிலாக,
சர்க்கரை இல்லாமல்.

படிவத்தில் 'கண்டறிந்தவர்' என்று ஒரு கட்டம்.
என் பெயரை எழுதினேன்.
பக்கத்தில் ஷொஹாக்கின் பெயரையும்.
இரண்டு பெயருக்கு அதில் இடமில்லை.
நெருக்கி எழுதினேன்.